வெயில் நாளிலும் மழைநீர் வடிகாலில் கருப்புத் தண்ணீர்: ஐப்பசிக்கு முன் எதை முதலில் செய்வது?

மடிப்பாக்கம்_தெருச்சங்கம்
எங்கள் தெரு மழைநீர் வடிகால் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்தான் சேர்கிறது. மழையே இல்லாத நாளிலும் கருப்பாக ஓடுகிறது, நாற்றம் தாங்கவில்லை. 40 வீடுகள், ஒரு மெஸ், ஒரு வாட்டர் வாஷ் கடை, வீடு கட்டும் மனைகள் இரண்டு. ஆள் வைத்துத் தூர்வாரலாம் என்கிறார்கள் சிலர். சரியா?

வடிகால்_கண்
தூர்வாருவது அப்புறம். கழிவு எங்கே நுழைகிறது என்று தெரியாமல் வாரினால் ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

தொடர்ந்து 3 நாள் மழை இல்லாத பிறகு, எல்லா வீட்டிலும் தண்ணீர் புழங்கும் காலை 6 முதல் 8 மணிக்குள் பாருங்கள். மாநகராட்சி வார்டு பொறியாளரிடம் சொல்லி மூடிகளைத் திறக்கச் செய்து, கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் போங்கள். ஓடிக்கொண்டிருக்கும் திறப்புக்கும், அதற்கு மேலே காய்ந்து கிடக்கும் திறப்புக்கும் நடுவில்தான் திருட்டு இணைப்பு இருக்கும். நுரை வந்தால் சலவை நீர் அல்லது வாட்டர் வாஷ். வெள்ளைக் கட்டிகள் மிதந்தால் சமையல் கொழுப்பு.

சந்தேகம் ஒரு வீட்டில் வந்து நின்றால், வீட்டுக்காரர் சம்மதத்தோடு கழிப்பறையில் கொஞ்சம் ஃப்ளூரசீன் சாயத்தைக் கரைத்து ஊற்றி, பின்னாலேயே இரண்டு வாளி தண்ணீர் விடுங்கள். பச்சை நிறம் பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் தெரிய வேண்டும். வடிகாலில் தெரிந்தால் இணைப்பு தவறு. எங்குமே தெரியாவிட்டால் அந்த வீட்டைச் சரி என்று விட்டுவிடாதீர்கள். குழாய் அடைத்திருக்கலாம், அல்லது செப்டிக் டேங்குக்குள் நின்றிருக்கலாம்.

செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் வழிந்தோடும் குழாயை வடிகாலில் சொருகியிருப்பதுதான் அடிக்கடி கண்ணில் படும். அது உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். உங்கள் பகுதி தாழ்வு, மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் குழி உறிஞ்சாது. எனவே புரட்டாசிக்குள் லாரி வைத்து டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். கழிவு கலந்த வடிகாலில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும், ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும். எந்திரம் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மாடிநீர்_ஆலோசகர்
இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, அதை யாரும் தேடுவதில்லை. மொட்டைமாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் விட்டிருப்பார்கள். 1,000 சதுர அடி மாடியில் 50 மி.மீ. பெய்தால் சுமார் 4,600 லிட்டர். நாலு பேர் குடும்பம் ஒரு நாளில் விடும் கழிவுநீர் 500 லிட்டர் அளவுதான். சாக்கடைக் குழாய் தாங்குமா? மேன்ஹோல் பொங்கித் தெருவில் ஓடி, வடிகால் வழியாகச் சதுப்பு நிலத்துக்கே போகும். ஆகவே 40 வீட்டு மாடிக் குழாய்களையும் பாருங்கள்.

மாடி நீரை மீள்நிரப்புக் கிணற்றுக்கு (மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறு) திருப்பும்போது, மாடி அழுக்கோடு வரும் முதல் 2 மி.மீ. நீரை ஒதுக்க 200 லிட்டர் டிரம் போதும். கார் நிறுத்தும் தரையின் நீரைக் கிணற்றில் விடவே கூடாது. எண்ணெய் நேராக நிலத்தடிக்குப் போய்விடும்.

கட்டட_மேற்பார்வை
மெஸ்ஸுக்குக் கொழுப்புத் தொட்டி வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால், அரை மணி நேரம் தேங்க 600 லிட்டர் கொள்ளளவு. வெளியேறும் குழாயில் T வடிவ இணைப்புப் போட்டு அதன் ஒரு முனையை நீருக்குள் இறக்கிவிடுங்கள், மேலே மிதக்கும் கொழுப்பு உள்ளேயே நிற்கும். கொழுப்பும் வண்டலும் சேர்ந்து தொட்டியில் கால் பங்கு ஆனதும் அள்ள வேண்டும். வெந்நீர் ஊற்றிக் கரைத்து விடுவது ஏமாற்று வேலை, சற்றுத் தள்ளிப் போய் மறுபடி உறைந்து அடைக்கும். தொட்டியிலிருந்து வரும் நீரும் சாக்கடைக்குத்தான், மழைநீர் வடிகாலுக்கு அல்ல. வாட்டர் வாஷ் கடைக்கும் அதே விதி.

மனைகளில் எம்-சாண்ட் குவியலைத் தார்ப்பாயால் மூடி, தாழ்வான பக்கம் மணல் மூட்டை அடுக்கச் சொல்லுங்கள். வடிகால் வாயையே மூட்டையால் அடைத்தால் தெரு மூழ்கும். கலவை எந்திரம் கழுவிய நீர் கடும் காரம், மீனைக் கொல்லும். தார்ப்பாய் விரித்த குழியில் விட்டு, அடியில் படியும் சிமெண்ட் இறுகியதும் உடைத்துக் கட்டட இடிபாட்டோடு அனுப்பலாம்.

மடிப்பாக்கம்_தெருச்சங்கம்
மிக்க நன்றி. தெரு நீர் வடிகாலில் இறங்கும் இடத்தில் வண்டல் தொட்டி கட்டச் சொல்லிக் கேட்கலாமா? கொசு வருமோ என்று பயமாக இருக்கிறது.

வடிகால்_கண்
கேளுங்கள் மேடம். 60 செ.மீ. சதுரம், வெளியேறும் குழாயின் அடி தொட்டித் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில். வண்டல் 15 செ.மீ. ஆனதும் அள்ள வேண்டும், விட்டால் அடுத்த மழை எல்லாவற்றையும் கிளப்பி உள்ளே தள்ளிவிடும். தரையில் துளை போட்டு ஜல்லி பரப்பினால் வெயில் காலத்தில் நீர் இறங்கிவிடும். மழைக்காலத்தில் உங்கள் ஊரில் இறங்காது, அதனால் மழை விட்ட நாட்களில் வாரம் ஒரு முறை இறைத்துவிடுங்கள். புழு கொசுவாக மாற ஒரு வாரம் போதும். அள்ளிய வண்டலை ஓரத்தில் குவிக்காமல் அன்றே வண்டி ஏற்றுங்கள், செடிக்கும் போட வேண்டாம்.

வடிகால் புகாருக்கு மாநகராட்சி 1913, சாக்கடை பொங்கி வழிந்தால் குடிநீர் வாரியம் 1916. எந்த இரண்டு திறப்புகளுக்கு நடுவே, எத்தனை மணிக்கு என்று படத்தோடு எழுதுங்கள். வெறுமனே ‘நாற்றம்’ என்று எழுதினால் வந்து பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போய்விடுவார்கள்.