கிரம்பின் ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’: கோப்பைகளில் சுருதி நிற்க மாட்டேன் என்கிறது

கேள்வி:
ஜார்ஜ் கிரம்ப் 1970-இல் மின் தந்தி நால்வர் குழுவுக்கு (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) எழுதிய ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ எடுத்திருக்கிறோம். நான் செல்லோ. பத்தாம் பகுதியில் செல்லோ தனியாக வாசிக்க, மற்ற மூவரும் தண்ணீர் ஊற்றிய கிரிஸ்டல் கோப்பைகளை வில்லால் இழுக்க வேண்டும். சில கோப்பைகள் கீச்சிடுகின்றன, சில பேசவே இல்லை. இன்று சேர்த்த சுருதி நாளைக்கு இல்லை. ஆறாம் பகுதியில் இடது கைக்கும் நட்டுக்கும் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படியும் சிறு கட்டை) நடுவில் வில் போடும்போது என் சுருதியும் தடுமாறுகிறது. வழி சொல்லுங்களேன்.

பதில் 1:
கோப்பைத் தேர்விலேயே பாதி வேலை முடிந்துவிடும். மொத்தம் 20 தேவை: வயலின்களுக்கு ஏழேழு, வயோலாவுக்கு 6. மெல்லிய விளிம்புள்ளதாகப் பாருங்கள். சுண்டினால் நாதம் நீண்டு நிற்க வேண்டும். தண்ணீர் சுருதியை இறக்கும், ஏற்றாது. ஆகவே டியூனரோடு கடைக்குப் போய், வேண்டிய சுரத்துக்கு ஓர் அரைச்சுரம், மிஞ்சினால் இரண்டு, மேலே பேசும் கோப்பையாக எடுங்கள். அதிர்வு விளிம்பருகேதான் அதிகம். அதனால் அடிப்பாதியில் ஊற்றும் தண்ணீர் சுருதியை அவ்வளவாக அசைக்காது. மேலே போகப் போக ஒரு ஸ்பூனே நிறைய இறக்கும், நாதமும் மங்கும். கடைசிச் சொட்டுகளுக்கு சிரிஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். வைத்த தண்ணீர் ஆவியானால் சுருதி ஏறும். தினமும் கொட்டிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே சரி.

கீச்சுக்குக் காரணம் பெரும்பாலும் விளிம்பில் ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது வில் வேகம். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். ரோசின் (வில்லுக்குத் தடவும் பிசின்) தடவிய பழைய வில்லை விளிம்பில் பதித்து, அதன்பிறகு மெதுவாக இழுங்கள். நல்ல வில்லை எடுக்காதீர்கள், ரோமம் போய்விடும். அடிப்பாகத்தை இருபக்க டேப்பால் பலகையில் ஒட்டாவிட்டால் கடகடக்கும்.

பதில் 2:
ஆறாம் பகுதிக்கு: அங்கே ஒலிப்பது நட்டிலிருந்து விரல் வரையுள்ள நீளம். எனவே எல்லாம் தலைகீழ்; விரல் நட்டை நோக்கி நகர்ந்தால் சுருதி ஏறும். தந்தி 69 செ.மீ. என்றால், திறந்த தந்தியை ஷட்ஜமமாகக் கொண்டு பஞ்சமம் நட்டிலிருந்து வழக்கமான 23 செ.மீ.க்குப் பதில் 46 செ.மீ.யில் விழும். சதுஸ்ருதி ரிஷபம் 61 செ.மீ.க்கு மேல் போகிறது, ஃபிங்கர்போர்டே (விரல் அழுத்தும் பலகை) அங்கு இல்லை. அதைக் கீழ்த்தந்தியில் தைவதமாக, சுமார் 41 செ.மீ.யில் எடுங்கள். சாக்பீஸ் குறி போதும். நட்டருகே தந்திகள் நெருங்கியிருப்பதால் வில்லை இலேசாக, குறைந்த நீளத்தில் போடுங்கள். ஒலி சன்னமாகத்தான் வரும், ஏனென்றால் அதிரும் பகுதி பிரிட்ஜை (தந்தியின் அதிர்வை உடலுக்குக் கடத்தும் குதிரையை) நேராகத் தொடுவதில்லை. இந்தப் பகுதியில் வரும் ஷூபெர்ட்டின் ‘மரணமும் கன்னியும்’ மெட்டு, ‘வயல்’ (viol) எனும் பழைய வில் வாத்தியங்களின் குழு போலக் கேட்பதன் அழகே அதுதான். அழுத்தி வாசித்துக் கெடுத்துவிடாதீர்கள்.

பதில் 3:
சன்னமான ஒலிக்கு ஒலிபெருக்கிதான் துணை. பீசோ பிக்கப்பை (வாத்தியத்தின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கருவி) நேராக மிக்சரில் செருகினால் கீழ்ச்சுரங்கள் போய்த் தகரச் சத்தம் வரும். நடுவில் 1 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்புள்ள பிரீஆம்ப் (முன்பெருக்கி) வையுங்கள். அளவை முதல் பகுதியின் உச்ச ஒலிக்கு நிர்ணயித்து, ஆறிலும் பத்திலும் ஏற்றச் சொல்லி ஒலிப்பதிவாளரின் பிரதியில் குறியுங்கள். கோப்பைகளை பிக்கப் பிடிக்காது. அவற்றுக்குத் தனி மைக், சுமார் 40 செ.மீ. தள்ளி, கிட்ட வைத்தால் ரோசின் உரசல்தான் பெரிதாகக் கேட்கும்.