1/72 எம்ஐ-17 மாதிரியின் உட்புறம்: எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது?

கனகராயன் (கிளிநொச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எம்ஐ-17 உலங்கு வானூர்தியின் 1/72 அளவு (உண்மையை 72 மடங்கு சுருக்கிய) பிளாஸ்ரிக் மாதிரி ஒன்றைக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டி மூடுவதற்கு முன்னர் உட்புறத்தை இயன்றவரை உண்மைக்கு நெருக்கமாகச் செய்து முடிக்க வேண்டும் என்பது என் விருப்பம். எந்தப் பகுதிக்கு எவ்வளவு உழைப்பைக் கொடுப்பது என்பதில் தெளிவில்லாததால், இவற்றைக் கட்டிப் பழகியவர்களிடம் கேட்கிறேன்.

இந்த வானூர்தியின் வெளித்தோற்றத்தையும் அதன் ஒலியையும் வன்னியில் வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் நாங்கள் அதை எப்போதும் நிலத்தில் நின்று அண்ணாந்தே பார்த்தோம். அடிவயிறும் சக்கரங்களும் நன்றாகத் தெரியும், உள்ளே என்ன இருந்தது என்பது தெரியாது. உட்புறத்தின்மேல் எனக்கு இவ்வளவு ஈடுபாடு ஏற்பட்டதற்கு அதுவே காரணம். அம்மாவும் அப்பாவும் நாள்தோறும் பார்க்கும் அலுமாரியில் இதை வைக்கப்போவதால், போரை நினைவூட்டும் உருமறைப்பு நிறத்தைத் தவிர்த்துவிட்டு, 2014 இல் மத்திய ஆபிரிக்கக் குடியரசுக்கு ஐ.நா. அமைதி காக்கும் பணிக்காக அனுப்பப்பட்ட இலங்கை விமானப்படையின் எம்ஐ-17களைப் போல முழு வெள்ளையில் செய்யத் தீர்மானித்திருக்கிறேன்.

இடப்பக்கத்து இழுவைக் கதவையும் பின்புறத்து இரட்டைக் கதவுகளையும் திறந்த நிலையில் வைக்க எண்ணுகிறேன். பெட்டியில் வந்த உட்சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன. இருக்கைகளில் பட்டிகள் இல்லை. அச்சிலிருந்து பாகங்களைத் தள்ளியெடுத்த வட்டத் தழும்புகள் சுவரில் பல இடங்களில் தெரிகின்றன. பட்டி போன்ற நுண்ணிய பாகங்கள் பொறித்து வெளிநாட்டிலிருந்து வரும் பித்தளைத் தகடுகளை வாங்குவது எனக்கு இப்போதைக்கு இயலாது. இங்கே கிடைக்கும் பொருட்களைக் கொண்டு எவற்றைச் செய்யலாம், உட்புறத்துக்கு எந்த நிறம் பொருந்தும், வால் நிலத்தில் சரியாமல் இருக்க எடையை எங்கே மறைக்கலாம் என்று சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பாலியாறு (மல்லாவி) எழுதியது:

வணக்கம் தம்பி. கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு வேலையைச் செய்யுங்கள். உடற்பகுதியின் இரு பாதிகளையும் மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்து, தரையையும் உள்ளே வைத்து, அலுமாரியில் அது நிற்கப்போகும் அதே உயரத்தில் வைத்துப் பாருங்கள். இழுவைக் கதவு வழியாகவும் பின்கதவு வழியாகவும் கண்ணுக்கு எட்டும் இடங்களை எல்லாம் பென்சிலால் உட்சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குள் வருவது மட்டுமே உங்கள் வேலை. உண்மை வானூர்தியின் சரக்கறை 5.34 மீற்றர் நீளமும் 2.34 மீற்றர் அகலமும் 1.80 மீற்றர் உயரமும் கொண்டது. 1/72 அளவில் அது ஏறத்தாழ 74 மில்லிமீற்றர் நீளம், 32 மில்லிமீற்றர் அகலம், 25 மில்லிமீற்றர் உயரம் என்று சுருங்கிவிடுகிறது. இந்த இடத்தினுள் இடப்பக்கக் கதவின் வழியே பார்ப்பவருக்கு எதிரே உள்ள வலப்பக்கச் சுவரும் தரையின் முற்பகுதியும்தான் தெரியும். கதவுக்குப் பின்னால் இருக்கும் இடப்பக்கச் சுவரை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் பின்கதவு வழியாகச் சாய்வாக மட்டுமே பார்க்க முடியும். மாதிரி கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் கூரையை எவரும் காணப்போவதில்லை.

ஆகவே உழைப்பின் பெரும்பகுதியை விமானி அறைக்குக் கொடுங்கள். எம்ஐ-17உம் அடங்கும் எம்ஐ-8 குடும்பத்தின் மூக்குப் பகுதி கீழ்வரைக்கும் கண்ணாடியால் ஆனது. கருவிப் பலகைகள், மிதிகள், இருக்கைகளின் பக்கவாட்டுகள் வரையில் எல்லாம் வெளியே இருந்தே தெரியும். தலைமை விமானி இடப்பக்க இருக்கையிலும் துணை விமானி வலப்பக்கத்திலும் அமர்வார்கள். அவர்களுக்கு இடையில், சரக்கறைக்குச் செல்லும் வாசலில், பறப்புப் பொறியியலாளருக்கு மடிக்கக்கூடிய சிறிய இருக்கை ஒன்று உண்டு. பல மாதிரிகளில் இந்த மூன்றாவது இருக்கை விடுபட்டுப்போகிறது. அதைப் பிளாஸ்ரிக் துண்டு ஒன்றிலிருந்து வெட்டி வைத்தாலே விமானி அறை வேறொரு தோற்றம் பெறும். தலைக்கு மேலே உள்ள ஆளிப் பலகைகள் முன் கண்ணாடி வழியே தெரிவதால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள். சோவியத் வானூர்திகளுக்கே உரிய, கூண்டில்லாத, இறப்பர் இதழ்கள் கொண்ட சிறு மின்விசிறிகளும் விமானிகளின் முன்னே இருக்கும். மெல்லிய தகட்டிலிருந்து இதழ்களை வெட்டி ஒரு கம்பியின் நுனியில் ஒட்டினால் போதும்.

கருவிகளின் முகப்புகளைத் தூரிகையால் வரைய முயல வேண்டாம். உண்மையில் 80 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு முகப்பு இந்த அளவில் 1.1 மில்லிமீற்றர்தான் வரும். பெட்டியில் தந்த டெக்கலை (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படத்தை) ஒட்டி, காய்ந்தபின் ஒவ்வொரு வட்டத்தின்மேலும் பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி வைத்தால் கண்ணாடி போலத் தெரியும்.

இனிப் பொருட்கள். குழாய்களுக்கும் மின்வடங்களுக்கும், நீர்ப்பம்பி மோட்டர்களுக்குக் கம்பி சுற்றும் கடைகளில் எஞ்சும் செப்புக் கம்பியே போதுமானது. கிளிநொச்சியில் அப்படிப்பட்ட கடையைத் தேடி அலைய வேண்டியிருக்காது. 36 ஆம் இலக்கக் கம்பியின் தடிப்பு 0.19 மில்லிமீற்றர். அதை 72 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய் என்று பொருள். 40 ஆம் இலக்கம் 0.12 மில்லிமீற்றர், அதாவது உண்மையில் 9 மில்லிமீற்றர் அளவிலான வடம். இப்படிக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுத்தால் உட்புறம் தடித்த கயிறுகளால் நிரம்பியதுபோல் தோன்றாது. சுவரில் விலா எலும்புகள் போல ஓடும் சட்டங்களுக்கு மெல்லிய பிளாஸ்ரிக் பட்டிகள் வேண்டும். தயிர், யோகட் கோப்பைகளின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற இலக்கம் இருந்தால் அது பொலிஸ்ரைரீன். மாதிரிகளுக்கான பசை அதை உருக்கி ஒட்டிவிடும். 5 என்று இருந்தால் அந்தப் பசை அதில் பிடிக்கவே பிடிக்காது. இருக்கைப் பட்டிகளுக்கு மாஸ்கிங் டேப்பின் மேல் முதலில் நிறத்தைப் பூசிக் காயவிட்டு, பின்னர் இரும்பு அளவுகோலை வைத்து 0.7 மில்லிமீற்றர் அகலத்தில் கீறி எடுங்கள். 50 மில்லிமீற்றர் அகலமுள்ள பட்டிக்கு அதுவே சரியான அளவு. பித்தளைத் தகடு இல்லையென்று வருந்த வேண்டாம். துணி மடிந்து தொங்கும் தோற்றத்தைத் தகட்டைவிட டேப் நன்றாகவே தருகிறது என்பது என் உறுதியான கருத்து.

தழும்புகளில் இருக்கை மறைக்கும் இடத்தில் உள்ளவற்றைத் தொடவே வேண்டாம். தெரிகின்றவற்றை நிரப்பித் தேய்த்த பின்னரே விலா எலும்புகளை ஒட்டுங்கள்.

கொக்கிளாய் (முல்லைத்தீவு) எழுதியது:

எடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூக்கு முழுவதும் கண்ணாடி என்பதால் அங்கே எதையும் மறைக்க முடியாது. விமானி அறையின் தரைக்குக் கீழும், அதற்கு அடுத்துள்ள சரக்கறைத் தரையின் முற்பகுதிக்குக் கீழும்தான் இடம் இருக்கிறது. பின் சக்கரங்களின் அச்சுக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் வைக்கிறீர்களோ அவ்வளவுக்குக் குறைந்த எடை போதும். கடற்கரைக் கடைகளில் கிடைக்கும் வலை ஈயத்தைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கினால் அந்த ஒடுங்கிய இடத்தில் நுழைந்துவிடும்.

ஈயத்தை எப்பொக்சிப் பசையால் மட்டுமே ஒட்டுங்கள். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையிலிருந்து (பிவிஏ) வெளிவரும் அசற்றிக் அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து ஈயக் காபனேற்றாக மாற்றிவிடும். அந்த வெண்பொடி ஈயத்தைவிட அதிக இடத்தைப் பிடிப்பதால், சில ஆண்டுகளில் தரை மேலெழும்பி உடற்பகுதி ஒட்டு வழியே பிளந்துவிடும். மூடிய மாதிரிக்குள் நடக்கும் இதை வெளியே தெரியும்வரை எவராலும் அறிய முடியாது. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடவும் கூடாது.

ஓமந்தை (வவுனியா) எழுதியது:

பாலியாறு அண்ணா சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் சரக்கறையை இருட்டாகவே விட்டுவிட வேண்டியதில்லை. வெள்ளை நிற எல்இடி ஒன்றைக் கூரையில் வைத்து, சிஆர்2032 வட்ட மின்கலம் ஒன்றைத் தாங்கு பலகைக்குள் வைத்தால், செய்த வேலை அனைத்தும் வட்டச் சாளரங்கள் வழியாகவே தெரியும். பொலிஸ்ரைரீன் ஒளியை ஓரளவு ஊடுருவ விடும் என்பதால் உட்சுவரில் முதலில் கறுப்பும் அதன்மேல் உட்புற நிறமும் பூச வேண்டும். வெளியே வெள்ளை நிறம் வரும் உங்கள் மாதிரிக்கு இது மிக முக்கியம், இல்லாவிட்டால் உடல் முழுவதும் விளக்குப் போல ஒளிரும்.

நிறத்தைப் பொறுத்தவரை, இந்தக் குடும்பத்து விமானி அறைகள் சாம்பல் நிறத்திலும் நீலப்பச்சையிலும் காணப்படுகின்றன. நீங்கள் தேர்ந்த வானூர்தியின் படத்தைப் பார்த்தே முடிவெடுங்கள். படம் பார்க்கும்போது வால் சுழலியைக் கவனியுங்கள். எம்ஐ-8இன் ஆரம்ப வகைகளில் அது வலப்பக்கத்திலும் எம்ஐ-17இல் இடப்பக்கத்திலும் இருக்கும். உட்புறப் படங்களைத் தருபவர்கள் இரண்டையும் கலந்துவிடுவதால், வெளிப்படமும் சேர்ந்திருக்கும் தொகுப்புகளையே நம்பலாம். எந்த நிறத்தைத் தேர்ந்தாலும் அதில் சிறிது வெள்ளை கலந்து, உண்மையைவிட ஒரு படி வெளிறலாகப் பூசுங்கள். இவ்வளவு சிறிய வாசல் வழியே உள்ளே போகும் வெளிச்சம் குறைவு, அதோடு வெளியே உள்ள வெள்ளை நிறம் உட்புறத்தை மேலும் இருண்டதாகக் காட்டும்.

நம்முடைய காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அக்ரிலிக் பூச்சு தூரிகையின் நுனியிலேயே காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் ஒரு துளி சேர்த்து, காலையில் காற்று எழும்புவதற்கு முன் பூசிவிடுவது நல்லது. பூச்சு காயும்வரை கவிழ்த்த பெட்டி ஒன்றால் மூடி வையுங்கள், இல்லையென்றால் செம்மண் தூசி அதில் ஒட்டிவிடும்.

கனகராயன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாலியாறு அண்ணா சொன்னபடி டேப்பால் சேர்த்துப் பார்த்தபோது, நான் செய்யத் திட்டமிட்டிருந்த இடப்பக்கச் சுவரின் பெரும்பகுதி கண்ணுக்கே எட்டவில்லை. எல்இடியைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. இரண்டு விடயங்கள் கேட்க வேண்டும். சரக்கறையை எந்த ஒழுங்கில் வைப்பது பொருத்தம்? வட்டச் சாளரங்களை உள்ளிருந்து ஒட்ட வேண்டியிருப்பதால், வெளியே வெள்ளை பூசும்போது அவற்றை எவ்வாறு காப்பது?

பாலியாறு எழுதியது:

எம்ஐ-17இன் சரக்கறையில் பக்கச்சுவர்களை ஒட்டிய மடிப்பிருக்கைகளில் 24 பேர் அமரலாம், அல்லது 12 தூக்குப்படுக்கைகள் பொருத்தலாம், அல்லது 4,000 கிலோகிராம் வரை சரக்கு ஏற்றலாம். நீண்ட பறப்புக்காக 915 லீற்றர் கொள்ளும் மேலதிக எரிபொருள் தாங்கி ஒன்றையும் உள்ளே வைப்பதுண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தூக்குப்படுக்கைகளையே தேர்ந்தெடுப்பேன். வலப்பக்கச் சுவரில் மட்டும் அவற்றை மூன்று அடுக்காகத் தொங்கவிட்டு, இடப்பக்க இருக்கைகளைச் சுவரோடு மடித்துவிட்டால், கதவு வழியே பார்ப்பவரின் கண் நேரே அந்த அடுக்கில் போய் நிற்கும். வெள்ளை நிறத்தில் ஐ.நா. எழுத்துகளோடு நிற்கும் வானூர்திக்குள் காயப்பட்டவர்களை ஏற்றும் ஒழுங்கு இருப்பது, உங்கள் அம்மா அப்பா பார்க்கும் அலுமாரிக்கும் பொருந்தும் என்று எண்ணுகிறேன். தூக்குப்படுக்கையின் துணிக்கு, நீர்த்த வெள்ளைப் பசையில் தோய்த்த மெல்லிய திசுத்தாள் போதும்; ஈரமாக இருக்கும்போது நடுவில் சற்று அழுத்தினால் துணி தொய்ந்ததுபோல் காயும்.

எல்இடியைப் பற்றி ஓமந்தைத் தம்பியோடு எனக்கு வேறுபாடு உண்டு. 1/72 அளவில் ஒரே ஓர் எல்இடிகூட சரக்கறைக்கு மிகையான வெளிச்சம். அது தூரிகைத் தடங்களையும் ஒட்டுக் கோடுகளையும் எடுத்துக்காட்டும். ஸ்வெஸ்தா நிறுவனத்தின் 1/48 எம்ஐ-8எம்டி, ரம்பீற்றர் நிறுவனத்தின் 1/35 எம்ஐ-17 போன்ற பெரிய மாதிரிகளில் அதைச் செய்யலாம். இந்த மாதிரிக்குப் பின்கதவுகளைத் திறந்து வைப்பதே போதிய வெளிச்சத்தைத் தரும்.

சாளரங்களைப் பொறுத்தவரை, அவற்றை உள்ளிருந்து வெள்ளைப் பசையால் ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, வெளிப்புறத்தில் வட்டமாக வெட்டிய மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். சுப்பர் குளுவை உடற்பகுதிக்குள் எந்த வேலைக்கும் பயன்படுத்தாதீர்கள். அது காயும்போது எழும் ஆவி ஒளிபுகும் பாகங்களில் வெண்படலமாகப் படியும், மூடிய பின்னர் உட்பக்கத்தைத் துடைக்க வழியே இல்லை. மூடுவதற்குச் சற்று முன்னர், கத்தரித்த துகள்களும் தூசியும் உள்ளே தங்காமல் மென்மையான தூரிகையால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு சாளரத்தையும் பாருங்கள். பின்கதவுகளை இறுதியில், வெள்ளைப் பசையால் மட்டும் பொருத்தி வையுங்கள். உள்ளே ஏதேனும் கழன்றால் சிறிது நீரைத் தடவி அவற்றைச் சேதமின்றிக் கழற்றிவிடலாம்.