பிரான்சுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா, முதலில் புலே பாஸ்கேஸ் செய்து பாருங்கள்

பிரெஞ்சுச் சமையல் என்றாலே வெண்ணெயும் க்ரீமும்தான், நம் வாய்க்கு ஒத்துவராது என்று ஒதுங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பெயின் எல்லையை ஒட்டிய தென்மேற்குப் பகுதி, பாஸ்க் மக்களின் ஊர்ச் சமையல் இது. கோழி, வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், பூண்டு, கொஞ்சம் மிளகாய்த்தூள், அவ்வளவுதான். பெரும்பாலும் சோற்றோடுதான் பரிமாறுகிறார்கள். வைனில் வேகவைக்கும் கொக்கோவேன் கோழி எல்லாம் அப்புறம் பழகிக்கொள்ளலாம்.

கோழி வாங்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். சூப்புக்கென்றே முதிர்ந்த பெட்டைக்கோழியும் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள், அது வேக இரண்டு மூன்று மணி நேரமாகும். லேபிளில் புலே (poulet, இளங்கோழி) என்று இருக்கிறதா பாருங்கள். நெஞ்சுக்கறி வேண்டாம், குய்ஸ் என்று தொடையும் காலும் சேர்த்து விற்பதை எடுங்கள், விலையும் குறைவு, ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் வறண்டு போகாது. கையில் காசு இருக்கும் வாரத்தில் லேபல் ரூஜ் என்ற தர முத்திரை போட்ட ஃபெர்மியே (பண்ணையில் வளர்ந்த) கோழி வாங்கிப் பாருங்கள். குறைந்தது 81 நாள் வளர்ந்தது, வெளியில் திரிந்தது, சதை கெட்டியாக இருக்கும், நாட்டுக்கோழி தின்று பழகிய நாக்குக்கு அது உடனே தெரியும்.

நாலு பேருக்கு நாலு குய்ஸ், மூட்டில் வெட்டினால் எட்டுத் துண்டு. தோலை உரிக்காதீர்கள், தயவுசெய்து. ஈரத்தைத் துடைத்து, உப்பும் மிளகும் தடவி, அடி கனமான சட்டியில் ஆலிவ் எண்ணெய் விட்டுத் தோல்பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். முதலில் தோல் சட்டியோடு ஒட்டிக்கொள்ளும், பிடித்து இழுக்கக் கூடாது. நன்றாகச் சிவந்ததும் தானே விட்டுக்கொடுக்கும். நாம் குழம்பில் செய்கிற மாதிரி கிளறிக்கொண்டே இருந்தால் கறி நீர் விட்டு வெளுத்துப் போகும், அந்த ருசியே வராது.

கோழியை எடுத்து வைத்துவிட்டு அதே எண்ணெயில் இரண்டு வெங்காயமும், நீளவாக்கில் நறுக்கிய நாலு குடைமிளகாயும் (பச்சையும் சிவப்பும் கலந்து) போட்டுச் சிறுதீயில் இருபது நிமிடம் வதக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் குடைமிளகாய் பச்சை வாசம் அடிக்கும். அப்புறம் நாலு பல் பூண்டு, பழுத்த தக்காளி முக்கால் கிலோ, தைம் என்கிற வாசனை இலை கொஞ்சம், ஒரு பிரிஞ்சி இலை. வெள்ளை வைன் அரை டம்ளர் விடுவது வழக்கம். கொதித்தாலும் ஆல்கஹால் முழுக்கப் போய்விடாது, அதனால் வேண்டாதவர்கள் தண்ணீர் விட்டால் போதும். சிலர் பயோன் ஊர்ப் பன்றித் தொடைக்கறியும் சேர்ப்பார்கள், இல்லாமலே நன்றாக இருக்கும். கோழியைத் திரும்பப் போட்டு மூடி, நாற்பது நிமிடம்.

மிளகாய்த்தூள் எஸ்பெலெத் ஊருடையது, 2000-ஆம் ஆண்டிலிருந்து ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதனால் விலை அதிகம். காரம் மிகக் குறைவு, லேசாகப் பழ வாசம் இருக்கும். கிடைக்காவிட்டால் பாப்ரிகாவில் ஒரு சிட்டிகை நம் மிளகாய்த்தூள் கலந்துகொள்ளுங்கள். மஞ்சள், மல்லி, கரம் மசாலா எதுவும் வேண்டாம். காரம் போதாதென்றால் தட்டில் ஊறுகாய் வைத்துக்கொள்ளுங்கள், சட்டியைத் தொடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையோ பிள்ளையின் பள்ளித் தோழர்களின் பெற்றோரையோ சாப்பிடக் கூப்பிட நினைத்தால் இதையே செய்யுங்கள், அவர்களுக்குத் தெரிந்த சாப்பாட்டை நீங்கள் அக்கறையோடு சமைத்திருப்பது பேச்சை எளிதாக்கும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியச் சட்டி இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது, காந்தம் ஒட்டுகிற அடி உள்ள பாத்திரம்தான் வேண்டும். குடைமிளகாயும் தக்காளியும் கோடையில்தான் மலிவு, மார்ஷே (சந்தை) முடிகிற நேரத்தில் போனால் இன்னும் குறைத்துத் தருவார்கள். மிஞ்சிய குழம்பை மறுநாள் சூடாக்கி இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள், ரொட்டியோடு ஒரு வேளைச் சாப்பாடு ஆயிற்று.