வால்பக்கம் திரும்பினால் நடுங்கும் காட்சி: வெப்கேம் போதுமா, எல்இடி கிளிப் வேண்டுமா?

கழுகுக்கண்:
ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்ற வான்போர் கணினி விளையாட்டில் பிஎஃப் 109 எஃப்-4 என்ற இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் போர்விமானத்தை ஓட்டுகிறேன். தலை திரும்புவதற்கேற்ப விளையாட்டின் காட்சியைத் திருப்பும் ஓப்பன்டிராக் மென்பொருளில், முகத்தைப் பார்த்துக் கணிக்கும் நியூரல்நெட் முறையில், சாதாரண வெப்கேம் ஒன்றைக் கொண்டு தலையசைவைப் பதிவு செய்கிறேன். சும்மா பறக்கும்போது குறையொன்றுமில்லை. ஆனால் சுடுவதற்காகக் காட்சியைப் பெரிதாக்கியதும் குறிவட்டம் ஆடத் தொடங்குகிறது. வால்பக்கம் திரும்பினால் இன்னும் மோசம். நடுக்கத்தை மென்மையாக்கும் ஆக்செலா ஃபில்டரை இறுக்கினால் ஆட்டம் அடங்குகிறது, ஆனால் நான் திரும்பி முடித்த பிறகே காட்சி வந்து சேருகிறது. ஹெட்செட்டில் மாட்டி, கேமராவால் பின்தொடரும் அகச்சிவப்பு எல்இடி கிளிப்புக்கு மாறினால்தான் தீருமா?

தென்மேற்கு:
மாறினால்தான் தீரும். உங்கள் வெப்கேம் நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 33 மில்லிநொடி கடந்துவிடுகிறது. அதிலும் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மென்பொருள் ஊகித்துத்தான் சொல்கிறது. கிளிப்பிலோ மூன்று ஒளிப்புள்ளிகள், அவற்றுக்கிடையிலான தொலைவு முன்பே அளந்து உள்ளிடப்பட்டது, ஆகவே மிஞ்சுவது வெறும் வடிவியல் கணக்கு. தலையசைவைப் பதிவு செய்வதற்கென்றே விற்கப்படும் டிராக்ஐஆர் 5 கேமரா நொடிக்கு 120 படங்கள் எடுக்கிறது. பிளேஸ்டேஷன் 3-க்கான பழைய ‘பிஎஸ்3 ஐ’ கேமராகூட 640×480 அளவில் 60 தரும். அளவீடே தள்ளாடும்போது ஃபில்டரைப் போட்டு மெழுகினால் அதற்கான விலையைத் தாமதமாகக் கொடுக்க வேண்டியிருக்கும், இப்போது நீங்கள் கொடுப்பதைப் போல.

மெதுவிமானி:
பணத்தைச் செலவழிக்கச் சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகளாவது கேட்டிருக்கலாம். இரவில், திரை வெளிச்சத்தில் மட்டும் விளையாடுகிறீர்களா? அப்படியானால் வெப்கேம் இருட்டை ஈடுகட்டத் தன் எக்ஸ்போஷரை, அதாவது ஒரு படத்துக்கு ஒளி வாங்கும் நேரத்தை, தானே நீட்டிக்கொள்ளும். பெயருக்கு 30 என்றாலும் உண்மையில் 15 படங்களே வரக்கூடும். தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துவிட்டு, முகத்தில் படும்படி ஒரு மேசை விளக்கை வையுங்கள். அடுத்தது, தலை திரும்பும் அளவுக்குக் காட்சி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று மென்பொருளில் வரையும் வளைகோடு. நடுவிலிருந்து இருபுறமும் 8 பாகை வரை உங்கள் தலை திரும்பும் அளவில் பாதியே காட்சி திரும்பட்டும், அதற்கு அப்பால் செங்குத்தாக ஏறட்டும். குறிவட்டம் நின்றுவிடும். தலை அசைந்தாலும் காட்சி அசையாத டெட்ஸோனை மட்டும் நடுவில் வைக்காதீர்கள். அதன் விளிம்பில் காட்சி வெடுக்கென்று இழுக்கும்.

தென்மேற்கு:
நடுவில் சேமித்ததை ஓரத்தில் வட்டியோடு கட்ட வேண்டும் என்பதை நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். தலை 40 பாகை திரும்பினால் காட்சி 160 பாகை திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் 8 பாகையில் காட்சி நகர்வது 4 பாகைதான், ஆகவே மிச்சமுள்ள 32 பாகைக்குள் 156 பாகையை அடைத்தாக வேண்டும். ஏறக்குறைய ஐந்து மடங்கு! அளவீட்டில் அரைப் பாகை நடுக்கம் இருந்தால் வால்பக்கக் காட்சி இரண்டரைப் பாகை குலுங்கும். பின்னால் வருபவன் ஒரு புள்ளியாகத் தெரியும் தொலைவில், அந்தக் குலுக்கலில் அவனைக் கண்ணில் வைத்திருக்க முடியாது.

மெதுவிமானி:
கணக்கு சரி, ஆனால் 160 எதற்கு? 109-இல் விமானியின் தலைக்குப் பின்னால் கவசத்தகடு நிற்கிறது; நேர் பின்னால் திரும்பினால் தெரிவது இரும்புதான். சுழற்சியை 130 பாகையோடு நிறுத்திவிட்டு, பக்கவாட்டு அச்சை இயக்கி, தோளைச் சாய்த்துத் தகட்டின் ஓரமாக எட்டிப் பாருங்கள். கூடவே விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடரை லேசாக அழுத்தினால் வாலும் விலகும். பெருக்கம் நான்கு மடங்காகக் குறையும். கிளிப்பும் குறையற்றதன்று: பகலில் சன்னல் வெயில் பட்டால் கேமரா அதையும் ஒரு புள்ளியாக எண்ணிக்கொள்ளும், ஹெட்செட்டிலிருந்து இன்னொரு கம்பியும் தொங்கும்.

தென்மேற்கு:
வெயிலுக்குத் திரைச்சீலை போதும்; லென்ஸின் முன் பழைய ஃபிலிம் நெகட்டிவின் கறுத்த துண்டை ஒட்டினால் சாதாரண அறை விளக்கு தொல்லை செய்யாது. சாய்ந்து பார்ப்பது நல்ல யோசனை என்பதை ஏற்கிறேன். ஆனால் எஃப்-16 போலத் தடையில்லாத கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துவிட்டு 130-இல் நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வராது.

கழுகுக்கண்:
இருவர் சொன்னதையும் நேற்றிரவு செய்து பார்த்தேன். விளக்கும் வளைகோடும் குறிவட்டத்தை நிறுத்திவிட்டன, ஃபில்டரையும் பாதியாகத் தளர்த்த முடிந்தது. வால்பக்கம் 130-இலும் இன்னும் சற்றுக் குலுங்குகிறது. கவசத்தகட்டின் ஓரத்தைப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. மூன்று எல்இடிகளை வாங்கி நானே ஒட்டிவிடலாம் என்றிருக்கிறேன். யூஎஸ்பி-யிலிருந்து மின்சாரம் எடுத்தால் என்ன ரெசிஸ்டர் போட வேண்டும்?

மெதுவிமானி:
கடைசியில் வாங்கத்தான் போகிறீர்கள்! தொடராக இணைத்தால், ஒன்றுக்கு 1.5 வோல்ட் வீதம் மூன்றுக்கும் 4.5 போய்விடும். மீதி அரை வோல்ட், 20 மில்லியாம்பியருக்கு 25 ஓம். கடையில் 27 கிடைக்கும், அதையே போடுங்கள்.

தென்மேற்கு:
அகலக் கோணத்தில் ஒளி பரப்பும் எல்இடியாகக் கேளுங்கள். குறுகிய கற்றை உள்ளதை வாங்கினால், தலை திரும்பியதும் கேமராவுக்குப் புள்ளி மறைந்துவிடும்.