புதிய வன்தட்டுக்கு இரண்டு இயங்குதளங்களையும் மாற்றியவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

வெள்ளவத்தைவாசி:
பழைய வன்தட்டு கரகரக்கத் தொடங்கியதும் பம்பலப்பிட்டிக் கடையொன்றில் எஸ்எஸ்டி என்ற வேகமான புதுவகைத் தட்டைப் போடக் கொடுத்தேன். விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் அப்படியே வரவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். குளோன் செய்து (அச்சொட்டாக நகலெடுத்து), பழையதையும் உள்ளேயே விட்டுத் தந்தார்கள். இரண்டும் திறந்தன, உபுண்டு மட்டும் முன்போலவே ஊர்ந்தது. ஒரு ஞாயிறு பழையதைக் கழற்றிவிட்டுத் திறந்தால், அக்கா மகளின் பிறந்தநாள் படம் இருந்த இடத்தில் உபுண்டுவின் ஊதாத் திரை. மாதக்கணக்கில் எழுதிய ஒரு கோப்புக்கூட இல்லை! இரண்டு தட்டுக்கும் ஒரே யூயூஐடி, அதாவது உபுண்டு தன் தட்டைக் கண்டுபிடிக்கும் அடையாள எண். உபுண்டு இத்தனை நாளும் பழையதிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோப்புகள் அதில் பத்திரமாக இருந்தன. ஆனாலும் அந்த ஊதா நிறத்தைக் கண்டால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

கொட்டாஞ்சேனைக்காரி:
உங்களுக்குக் கோப்பாவது கிடைத்தது. நான் தட்டை மாற்றி, எந்த இயங்குதளம் என்று கேட்கும் கிரப் பட்டியலில் விண்டோஸைத் தட்டியதும் நீலத்திரை வந்து பிட்லாக்கர் (விண்டோஸ் தட்டைப் பூட்டிவைக்கும் வசதி) சாவி கேட்டது. 48 இலக்கம். மடிக்கணினி கனடாவிலுள்ள அண்ணாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்தது, சாவியும் அதில்தான். அங்கே நடுச்சாமம். தூக்கக் கலக்கத்தில் ஆறு ஆறாக வாசித்துக்கொண்டு வந்தவர், ஏழாவது தொகுதியில் "பொறு பிள்ளை, நான் வேறு கணினியின் சாவியை வாசிக்கிறேன்" என்றார்.

தெஹிவளை அண்ணா:
தம்பி, கடைக்காரரில் பிழை பிடிப்பது நியாயமில்லை. குளோன் என்றால் யூயூஐடியும் சேர்ந்துதான் வரும். எனக்கு வந்த தொல்லை நேரம்தான்: நண்பகல் 12 மணிக்கு விண்டோஸ் காலை 6.30 காட்டியது. லினக்ஸ் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே கொழும்பு நேரமென்று நம்பும். ஐந்தரை மணித்தியாலம் அங்கேதான் போகிறது. இனி மாற்றப்போகிறவர்கள் கவனியுங்கள். முதலில் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (சீக்கிரம் திறக்கும் வசதியை) நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் அது அரைத்தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸ் விண்டோஸின் பார்ட்டிஷனில் (தட்டில் அதற்குப் பிரித்த பகுதியில்) எழுத மறுக்கும். பிட்லாக்கரை இடைநிறுத்தி, சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழையதைக் கழற்றிய பிறகே முதல் தடவை இயக்குங்கள். புதியதில் கணினியைத் தொடக்கிவைக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். 2 டிபிக்கு (டெராபைட்டுக்கு) மேற்பட்ட தட்டென்றால், அதைப் பிரித்துவைக்கப் பழைய எம்பிஆர் முறை போதாது, புதிய ஜிபிடி முறை வேண்டும். பழையதை யூஎஸ்பி உறையில் போட்டு வைத்துக்கொள்ளலாம், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கிடைக்கும். தங்கச்சிக்கும் ஒன்று: அந்தச் சாவியில் ஒவ்வொரு ஆறிலக்கமும் 11ஆல் வகுபடும். பிழையாகத் தட்டினால் அந்த இடத்திலேயே பிடிபடும்.

கொட்டாஞ்சேனைக்காரி:
வேறு கணினியின் சாவியும் 11ஆல் வகுபடும், அண்ணா.

வெள்ளவத்தைவாசி:
குளோன் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். இரண்டையும் ஒன்றாகச் செருகித் தந்தது யார் என்பதுதான் என் கேள்வி. கூலியில் பாதியைத் திருப்பிக் கேட்டேன். "இரண்டும் வேலை செய்தனவே, சேர்" என்றார்கள்.