பயோடீசலில் நானோ மருந்து கலந்ததிலிருந்து ஃபில்டர் அடைக்குது, உதவி தேவை

நீடாமங்கலம் உழவன்:
வணக்கம். 45 குதிரைத்திறன் டிராக்டர், வாங்கி ஒன்பது வருசம். குறுவைக்குச் சேத்துழவு ஓடிக்கிட்டிருக்கு. இந்தத் தடவை டீசலோட அஞ்சுல ஒரு பங்கு பயோடீசல் கலந்து 200 லிட்டர் பேரல்ல வச்சேன். வித்தவர், புகை குறையும், டீசல் மிச்சமாகும்னு நானோ மருந்து பாட்டில் ஒண்ணும் கொடுத்தார். சீரியம் ஆக்சைடாம். அதையும் பேரல்லயே ஊத்திட்டேன். 250 மணி நேரம் தாங்கின ஃபில்டர் இப்ப 30 மணியில அடைச்சுக்குது. கேஜ் வீலோட (சேத்துக்கு மாட்டற இரும்புக் கூண்டுச் சக்கரம்) சேத்துல இறங்குனா திணறுது, ரோட்டுல சும்மா ஓடுது. நாத்து வேற முத்திப்போகுது.

ஒரத்தநாடு மெக்கானிக்:
லோடுல மட்டும் திணறுனா டீசல் பத்தலை. கழட்டின ஃபில்டரை அறுத்து பேப்பரை விரிச்சுப் பாருங்க. பசையா, பொடியா? பாதி விடை அதுலயே இருக்கு.

நீடாமங்கலம் உழவன்:
அறுத்தாச்சுண்ணே. மடிப்புக்குள்ள அல்வா மாதிரி பழுப்புப் பசை. அதுமேல வெளிர்மஞ்சள் பொடி, தேச்சா முகப்பவுடர் மாதிரி.

வல்லம் மாணவன்:
சார், எங்க கடைசி வருச ப்ராஜெக்ட் இதுதான். நானோ துகள் ஒண்ணு 20–50 நானோமீட்டர். ஃபில்டர் துளை சில மைக்ரான்; ஒரு மைக்ரான்னா 1000 நானோமீட்டர். தனித்தனியா இருந்தா அடைக்கவே அடைக்காது. ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கட்டியாயிடும். நாங்க சர்ஃபாக்டன்ட் (துகள் ஒட்டிக்காம பிரிச்சு வைக்கற சோப்பு மாதிரிப் பொருள்) சேர்த்து, ஒலி அதிர்வுல கலக்கற அல்ட்ராசோனிக் தொட்டியில கலக்கி, அன்னைக்கே எஞ்சினை ஓட்டிடுவோம். மிச்சம் வச்சா மறுநாள் அடியில படிஞ்சு கிடக்கும். அளவும் ரொம்பக் கொஞ்சம்: பத்து லட்சத்துல 50 பங்குன்னா உங்க பேரலுக்கு சுமார் 8 கிராம்.

பழுப்புப் பசைக்கு நானோ காரணமில்ல. பயோடீசல் ஒன்பது வருச டேங்க் அழுக்கைக் கரைச்சுக் கொண்டுவரும், பேரல்ல நாளாக நாளாக தானும் பிசினாகும். அந்தப் பிசின்ல பொடி ஒட்டினா ஃபில்டர் என்ன செய்யும்? 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கையே டீசல்ல பயோடீசல் கலக்க 2030க்கு 5 சதவீதம்தான் இலக்கு வச்சிருக்கு, நீங்க நேரா 20க்குப் போயிட்டீங்க :)

ஃபில்டரை அடைக்குமான்னு பார்க்க, லேப்ல 300 மில்லி எரிபொருளை 1.6 மைக்ரான் வடிதாள் வழியா நிமிசத்துக்கு 20 மில்லி தள்ளி, அழுத்தம் எவ்வளவு ஏறுதுன்னு பார்ப்பாங்க. வீட்டுல மூணு கண்ணாடி பாட்டில் போதும்: வெறும் டீசல், கலப்பு, கலப்போட மருந்து. ரெண்டு நாள் அசைக்காதீங்க.

நாகை விசைப்படகு:
பேரலடியில தண்ணி இருக்கான்னும் பாருங்க. பயோடீசல் ஈரத்தை இழுக்கும். தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துல கிருமி வளர்ந்து பாசி மாதிரி வரும். எங்க போட்ல அப்படித்தான்.

ஒரத்தநாடு மெக்கானிக்:
காத்தடிச்சு அதே ஃபில்டரை மாட்டிடாதீங்க. பேப்பர் கிழிஞ்சா பொடி நேரா பம்புக்கும், டீசலைத் தெளிக்கற நாசிலுக்கும் போயிடும். சீரியம் ஆக்சைடு கண்ணாடிக்கு பாலிஷ் போடற பொடிங்க! டேங்கைக் கழட்டிக் கழுவி, ரெண்டு ஃபில்டரும் புதுசு போட்டு, டீசல் குழாயில சிக்கின ஏரை எடுத்துட்டு வெறும் டீசல்ல ஓட்டுங்க.

நீடாமங்கலம் உழவன்:
பாட்டில் பார்த்தேன். டீசல் தெளிவு. கலப்புல அடியில லேசா பழுப்பு வளையம். மருந்து போட்டதுல அரை விரக்கடை வண்டல். பேரலடியில ரெண்டு டம்ளர் தண்ணியும் வந்துச்சு. டேங்க் கழுவினப்புறம் 35 மணி ஓடியாச்சு, திணறல் இல்ல. பேரல்ல இருக்கற மிச்சத்தை பம்ப்செட்டுக்கு ஊத்தலாமா?

ஒரத்தநாடு மெக்கானிக்:
அதுவும் எஞ்சின்தானே தம்பி. வித்தவர்கிட்டயே திருப்பிக் கொடுங்க. வாய்க்கால்ல கொட்டிடாதீங்க.

நீடாமங்கலம் உழவன்:
போன் பண்ணேண்ணே. "பாட்டிலை நல்லா குலுக்கி ஊத்துனீங்களா?"ங்கறார்.