பிரிட்டனில் டூரிங் கேரவன்: பெர்த் கணக்கை விடுங்கள், யார் எங்கே படுப்பார்கள் என்று பாருங்கள்

பிரிட்டனுக்குக் குடிவந்து கொஞ்ச காலம் ஆன குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் எங்காவது போகலாம் என்றால் ஹோட்டல் வாடகை கையைக் கடிக்கும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் இரண்டு அறை எடுக்க வேண்டும். அப்போதுதான் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற டூரிங் கேரவன் மேல் ஆசை வருகிறது. நல்ல ஆசைதான்.

ஆனால் விளம்பரத்தில் '4 பெர்த்', '6 பெர்த்' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இத்தனை பேர் படுக்கலாம் என்பதைத் தவிர அந்த எண்ணில் வேறு தகவல் இல்லை. யார் எத்தனை மணிக்குத் தூங்கப் போவார், அவர் படுத்த பிறகு மற்றவர்கள் எங்கே உட்காருவார்கள், நடு இரவில் எழுந்து போகிறவர் யாரைத் தாண்டிப் போக வேண்டும்? கேரவன் உங்களுக்கு ஒத்து வருமா வராதா என்பது இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

---

முதலில் படுக்கை வகைகள்.

பெரும்பாலான பிரிட்டிஷ் கேரவன்களில் முன்பக்கம் பெரிய ஜன்னலுக்குக் கீழே எதிரெதிராக இரண்டு நீள சோபா இருக்கும். பகலில் உட்காரும் இடம், இரவில் படுக்கை. நடுவிலுள்ள இழுப்பறைப் பெட்டிக்குக் கீழிருந்து மரச்சட்டங்களை இழுத்துவிட்டு, மெத்தைத் துண்டுகளை அடுக்கினால் டபுள் பெட் ஆகிவிடும். வேலை சில நிமிடம்தான். ஆனால் அதைத் தினமும் இரவு விரிக்க வேண்டும், காலையில் மடக்க வேண்டும், போர்வை தலையணைகளை எங்காவது திணிக்க வேண்டும். மெத்தைத் துண்டுகளின் இணைப்பு முதுகில் உறுத்தும் என்பதால் மேலே விரிக்க ஒரு டாப்பர் வாங்கியே ஆக வேண்டும். வெளியே மழை, உள்ளே நாலு பேர், எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்துவிட்டுப் படுக்கை போடுவதைத் தினமும் செய்ய முடியுமா என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வகை நிரந்தரக் கட்டில். எப்போதும் விரித்தே இருக்கும், மெத்தையும் நன்றாக இருக்கும், அடியில் சாமான் வைக்க நிறைய இடம் கிடைக்கும். ஆனால் பகல் முழுக்க அந்த இடம் உங்களுக்குப் பயன்படாது. கேரவன் நீளமாகும், எடையும் ஏறும்.

---

நிரந்தரக் கட்டிலிலும் வேறுபாடு உண்டு. 'பிரெஞ்ச் பெட்' என்பது ஒரு மூலையில் சுவரோடு ஒட்டியிருக்கும். நடக்க வழிவிடுவதற்காகக் கால்மாட்டில் ஒரு மூலையைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். சுவர்ப் பக்கம் படுப்பவருக்கு முழு நீளம் கிடைக்கும், ஆனால் இரவில் எழ வேண்டுமென்றால் பக்கத்திலிருப்பவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். வெளிப்பக்கம் படுப்பவர் சுலபமாக இறங்கலாம், அவருக்குக் கால் நீட்ட இடம் குறைவு. இருவரில் உயரமானவரே இரவில் அடிக்கடி எழுபவராகவும் இருந்தால் இந்தக் கட்டில் வேண்டாம்.

'ஐலண்ட் பெட்' இரண்டு பக்கமும் இறங்கலாம். வசதியானது, அதனால்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அதையும் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். குறுக்காகப் போட்டிருந்தால் தலைமாடு பக்கச் சுவரில், கால்மாடு நடைபாதையில். பகலில் கட்டிலை உள்ளே தள்ளி வழி விடலாம், இரவில் முழு நீளத்துக்கு இழுத்துவிட்டால் நடக்கும் வழி ஒடுங்கிப் போகும். இந்த மாடல்களில் வாஷ்ரூம் பெரும்பாலும் கேரவனின் கடைக்கோடியில் இருக்கும். அதாவது முன்பக்கம் படுத்திருப்பவர் இரவு கழிவறைக்குப் போக, கணவன் மனைவி படுத்திருக்கும் கட்டிலை உரசிக்கொண்டு போக வேண்டும்.

இதை நம் குடும்பங்கள் அவசியம் யோசிக்க வேண்டும். விசிட் விசாவில் வந்திருக்கும் மாமனாரோ மாமியாரோ முன்பக்கம் படுத்திருந்தால், மருமகள் தூங்கும் இடம் வழியாகப் போகக் கூச்சப்பட்டு விடியும் வரை அடக்கிக்கொண்டு கிடப்பார்கள். கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். பரவாயில்லை என்று அர்த்தமில்லை.

இதற்கு மாற்று, ஐலண்ட் பெட்டை நீளவாக்கில் கடைசியில் வைத்து, வாஷ்ரூமை நடுவில் வைத்திருக்கும் மாடல். முன்பக்கம் படுத்தவர் நடுவரை வந்தால் போதும். நடுவிலுள்ள கதவை மூடினால் படுக்கையறை தனியாகிவிடும். உடை மாற்றவும் மறைவு கிடைக்கும். நீளமும் விலையும் கூடும்தான். பெரியவர்கள் அடிக்கடி வந்து தங்குகிற வீடாக இருந்தால் இந்த அமைப்பைத்தான் நான் சொல்வேன்.

---

பெரியவர்களை எங்கே படுக்க வைப்பது? நிரந்தரக் கட்டிலை அவர்களுக்கே கொடுங்கள். முட்டி வலி உள்ள அம்மாவுக்கு, விரித்துப் போட்ட சோபாப் படுக்கையில் குறுக்கே ஊர்ந்து ஏறுவது பெரிய கஷ்டம். அதன் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஊன்றி எழ எல்லா மாடலிலும் இடம் இருக்காது. பின்பக்கம் தனித்தனியாக இரண்டு சிங்கிள் கட்டில் உள்ள மாடல்களும் உண்டு. தனித்தனியே படுத்துப் பழகிய வயதானவர்களுக்கு அது ரொம்பப் பொருத்தம். வாசல்படி உயரத்தையும் பாருங்கள். உறுதியான, அகலமான வெளிப்படி ஒன்று தனியாக வாங்கி வையுங்கள்.

---

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கதை வேறு. பிள்ளைகள் எட்டு மணிக்குத் தூங்கிவிடுவார்கள். நீங்கள் நிரந்தரக் கட்டிலை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை முன் சோபாவில் படுக்க வைத்தால், எட்டு மணிக்கு மேல் உங்களுக்கு உட்கார இடமில்லை. விளக்கை அணைத்துவிட்டு, கேரவனின் பக்கவாட்டில் கட்டும் கூடாரமான ஆனிங்கில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஜூன், ஜூலையில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அதுவும் ஒரு சுகம். அக்டோபர் ஹாஃப் டேர்ம் பள்ளி விடுமுறையில் அப்படி உட்கார முடியாது.

அதனால் பிள்ளைகளுக்குப் பின்பக்கம் நிரந்தர பங்க் படுக்கை (ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குப் படுக்கை) உள்ள மாடல்தான் என் தேர்வு. திரையை இழுத்துவிட்டால் அவர்கள் உலகம் தனி. நீங்கள் முன்பக்கம் உட்கார்ந்து பேசலாம், சாப்பிடலாம், தூக்கம் வரும்போது சோபாவை விரிக்கலாம். தினமும் படுக்கை போடுகிற வேலை பெரியவர்களான உங்கள் தலையில்தான் விழும். ஆனாலும் பிள்ளைகளின் தூக்கம் கெடாது.

பங்க் பற்றி இரண்டு விஷயம். மேல் பங்கில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது. ஒவ்வொரு பங்குக்கும் எடை வரம்பு உண்டு. ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ போட்டிருக்கும், அதைப் படியுங்கள். அகலம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். இன்று பத்து வயதாக இருக்கும் மகன் நாலு வருடத்தில் அதில் அடங்க மாட்டான்.

பக்கவாட்டில் சின்ன மேசையும் இரண்டு இருக்கையும் உள்ள 'சைட் டினெட்' இரவில் ஒரு படுக்கையாகவும், அதற்கு மேல் மடக்கு பங்காகவும் மாறும். 4 பெர்த், 5 பெர்த் கணக்கில் இவற்றையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். பிள்ளைகளுக்குச் சரி. வளர்ந்தவர் ஒரு இரவு சமாளிக்கலாம், ஒரு வாரம் முடியாது. கைக்குழந்தை இருந்தால், எல்லாப் படுக்கையையும் விரித்த பிறகும் தொட்டில் வைக்கத் தரையில் இடம் மிஞ்சுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

இருவர் மட்டும் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: 2 பெர்த், கடைசியில் முழு அகல வாஷ்ரூம். முன் சோபாக்கள் பொதுவாக ஆள் நீளத்துக்கு இருக்கும் என்பதால் தனித்தனி படுக்கையாக அப்படியே பயன்படுத்தலாம், எதையும் இழுத்து அடுக்க வேண்டாம். குடும்ப மாடல்களில் அதே சோபா குட்டையாக இருக்கும், குறுக்காக டபுள் போட்டால்தான் கால் நீட்ட முடியும். அளவு நாடாவோடு போங்கள்.

---

சரி, ஆசைப்பட்ட லேஅவுட்டை உங்கள் கார் இழுக்குமா? கட்டில் கூடக் கூட எடை கூடும். புதிதாக இழுப்பவர்களுக்கு இங்கே சொல்லப்படும் வழிகாட்டல், சாமானோடு சேர்த்துக் கேரவனின் அதிகபட்ச எடை காரின் கெர்ப் எடையில் (ஆளும் சாமானும் ஏற்றாத காரின் எடை) 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. கார் 1,500 கிலோ என்றால் கேரவன் 1,275 கிலோவுக்குள். நிரந்தரக் கட்டில் உள்ள பல குடும்ப மாடல்கள் இதைத் தாண்டிவிடும். 85 சதவீதம் சட்டமல்ல, ஆனால் கார் தயாரிப்பாளர் கொடுத்த இழுப்பு வரம்பை மீறுவது சட்டவிரோதம். சில ஹைப்ரிட், மின்சார கார்களுக்கு இழுக்கும் அனுமதியே கிடையாது. டோ பார் (கேரவனை மாட்டும் கொக்கி) போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொன்னாலும் கையேட்டைப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

பெர்த் கணக்கு இங்கேயும் ஏமாற்றும். கேரவனில் சாமானுக்கு அனுமதித்த எடையை பேலோட் என்பார்கள். பல மாடல்களில் அது நூற்றைம்பது கிலோவைச் சுற்றித்தான் வரும். கேஸ் சிலிண்டர், பேட்டரி, ஆனிங், ஆறு பேர் போர்வை, துணி, பாத்திரம், அரிசி மூட்டை என்று சேர்த்துப் பாருங்கள். கனமானதைக் காரில் ஏற்றுங்கள்.

லைசென்ஸ்: 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தனித் தேர்வு இல்லாமல் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். வட அயர்லாந்தில் விதி வேறு. இந்திய, இலங்கை லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் கார் ஓட்டலாம். பிரிட்டிஷ் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு கேரவன் வாங்குவதே நல்லது. அப்புறம், வண்டி ஓடும்போது கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது. குழந்தை தூங்கிவிட்டது, உள்ளேயே படுக்கட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

---

எங்கே போய்ப் பார்ப்பது? பர்மிங்காமில் உள்ள என்.இ.சி. கண்காட்சி மையத்தில் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் பெரிய கண்காட்சி நடக்கும். பெய்லி, ஸ்விஃப்ட், கோச்மேன் போன்ற கேரவன் நிறுவனங்களின் மாடல்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். வாங்காவிட்டாலும் போய் வாருங்கள். குடும்பத்தோடு போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் அவரவர் இடத்தில் படுத்துப் பாருங்கள். விற்பனையாளரிடம் சொல்லி, எல்லாப் படுக்கையையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், இங்கே எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். படுக்கைகள் விரித்த நிலையிலேயே ஒருவர் எழுந்து கழிவறைக்குப் போய் வரட்டும். அந்த ஒரு சோதனையில் பாதி மாடல்கள் கழிந்துவிடும்.

பங்க் பக்கத்தில் வெப்பக் காற்று வரும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈஸ்டர் விடுமுறையிலும் இரவில் நன்றாகக் குளிரும். சூடான நீரைக் குழாயில் ஓடவிடும் ஆல்டே (Alde) நிறுவன ஹீட்டர் என்றால் வெப்பம் ஓரளவு சீராகப் பரவும். காற்றை ஊதும் முறையில் ஹீட்டருக்குத் தூரமான மூலை பிந்தித்தான் சூடாகும்.

---

பழையது வாங்குபவர்கள் நிரந்தரக் கட்டிலின் மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரிலும் மெத்தைக்கு அடியிலும் தங்கும். கருப்புப் புள்ளியோ பூஞ்சை வாடையோ இருந்தால் அங்கே காற்றோட்டம் போதவில்லை. கட்டிலுக்கு அடியிலுள்ள பெட்டியைத் திறந்து, சுவரும் தரையும் சேரும் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பலகை மெத்தென்று உள்வாங்கினால் வெளியிலிருந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யும் செலவு கேரவன் விலையையே தொடலாம், விட்டுவிடுங்கள். மூலைகள் உறுதியாக இருந்தால், ஜன்னலில் பொறித்திருக்கும் 17 இலக்க எண்ணை வைத்து, கேரவன்களுக்கான கிரிஸ் (CRiS) பதிவேட்டில் திருட்டு வண்டியா, கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.